ஸ்னோபோர்டு பூட்ஸ்: ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டாம்

ஆண்டிறுதி விடுமுறைக்கு ஜப்பானின் நிசேக்கோ, ஹக்குபா பனிமலைகளுக்குச் செல்லத் திட்டமிடும் குடும்பங்கள் ஜாக்கெட்டையும் கையுறையையும் பார்த்துப் பார்த்து வாங்குவதுண்டு. பூட்ஸ் மட்டும் அங்கே போய்க் கிடைப்பதை மாட்டிக்கொள்ளலாம் என்று விடப்படுகிறது. ஆனால் ஸ்னோபோர்டில் பலகையைத் திருப்புவது பாதமும் கணுக்காலும்தான். பூட்ஸுக்குள் கால் ஆடினால் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. கட்டணம் செலுத்திச் சேர்ந்த முதல் நாள் பயிற்சி, விழுந்து எழுவதிலேயே கழிந்துவிடும்.

வெப்பநாட்டில் வளர்ந்தவர்கள் குளிருக்குப் பயந்து இரண்டு காலுறை அணிந்து, அதற்கேற்ப ஒரு அளவு பெரிய பூட்ஸ் கேட்பது வழக்கம். பலன் நேர்மாறு. காலுறைகள் உள்ளே மடிந்து கொப்புளம் உண்டாக்கும். ஆடும் காலை நிறுத்த வாரை இறுக்கினால் ரத்தவோட்டம் குறைந்து கால் இன்னும் குளிரும். கம்பளி அல்லது செயற்கை இழையாலான, பூட்ஸைவிட உயரமான ஒரு மெல்லிய காலுறை போதும். பருத்தி வேண்டாம்; வியர்வையில் நனைந்தால் எளிதில் காயாது.

ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில் இருக்கும். புறப்படுமுன் வீட்டிலேயே அளந்து குறித்துக்கொள்ளலாம். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நின்று, மிக நீண்ட விரலின் நுனிவரை இரு கால்களையும் அளக்கவேண்டும். பெரிய காலின் அளவு 26 செ.மீ. என்றால் 26ஆம் எண் பூட்ஸிலிருந்து போட்டுப் பார்க்கலாம்.

நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை இலேசாகத் தொடவேண்டும், மடங்கக் கூடாது. முழங்காலை மடித்தால் விரல்கள் சற்றுப் பின்வாங்கும். அடுத்ததுதான் முக்கியமான சோதனை: நுனிக்காலில் எழும்பி நிற்கும்போது பூட்ஸுக்குள் குதிகால் மேலே எழக்கூடாது. எழுந்தால் சிறிய அளவையோ வேறு ரகத்தையோ கேட்கலாம். கடைக்காரர் முகத்தைப் பார்த்து அவசரப்படாமல், 10, 15 நிமிடம் போட்டபடியே நடந்து பார்ப்பது நல்லது. புதிய பூட்ஸ் சற்று இறுக்கமாகத்தான் இருக்கும்; உள்ளுறை போகப்போக அழுந்தி இடம்கொடுக்கும். வலியோ மரத்துப்போதலோ இருந்தால் அது வேறு கதை.

விறைப்பைப் பெரும்பாலும் 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்பர். ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 5 ஆகாது. புதியவர்களுக்கு மென்மையானதே பொருந்தும். சாதாரண வாரா, திருகி இறுக்கும் ‘போவா’ வகையா என்பது வசதியைப் பொறுத்தது. கையுறையோடு கட்டத் திருகு எளிது.

ஆண்டுக்கு ஒரு முறைகூடப் போகாதவர்களுக்கு வாடகையே சிக்கனம். குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, பள்ளிக் காலணி வாங்குவதுபோல் “அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்” என்று பெரிதாக வாங்குவதைவிட, இந்த ஆண்டுக் காலுக்குச் சரியானதை வாடகைக்கு எடுப்பது மேல். சரிவில் ஒரு சுற்று போனபின் குதிகால் ஆடுவதாகப் பிள்ளை சொன்னால், கடைக்குத் திரும்பிச் சென்று வேறு அளவு தரும்படி கேட்கத் தயங்கவேண்டியதில்லை.