கூடு கட்டாத தாய்

பைரி என்றும் இராஜாளி என்றும் வழங்கப்பெறும் பறவை, ஆகாயத்தின் உச்சியிலிருந்து மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் இரையின்மீது பாய்வதை வியந்து பேசாதார் அரியர். ஆயினும் அதே பறவை, தன் முட்டைகளின் நடுவே நடக்க நேரும்போது, கத்தி போன்ற நகங்களை உள்ளே மடக்கிக்கொண்டு, பொத்திய கைபோன்ற பாதங்களால் தத்தித் தத்தி அடியெடுத்து வைக்கும் அழகைக் கண்டவர் மிகச் சிலரே.

சுள்ளி பொறுக்குவதும் புல்லைப் பின்னுவதும் அதன் குலவழக்கம் அல்ல. செங்குத்தான பாறையில் விலங்கு ஏற முடியாத ஒரு விளிம்பைத் தேர்ந்து, அங்குள்ள சரளையில் மார்பை அழுத்தி, கால்களால் மண்ணைப் பின்னே தள்ளி, ஆழமற்ற ஒரு குழி செய்துகொள்ளும். அதுவே அதன் பிரசவ அறை. அந்தச் சரளை எத்துணை அவசியம் என்பதை, கனடாவின் மான்ட்ரியால் நகரில் சன் லைஃப் கட்டடத்தின் உச்சியில் 1936-ஆம் ஆண்டு குடியேறிய ஒரு பேடு உணர்த்திற்று: வெறுந்தளத்தில் இட்ட முட்டைகள் வீணாயின, பறவை அன்பர்கள் மணலும் சரளையும் இட்ட பெட்டியை வைத்த பின்னரே அங்கே குஞ்சுகள் வளரலாயின.

செங்காவிப் புள்ளிகள் படர்ந்த மூன்று நான்கு முட்டைகளை ஏறக்குறைய ஒரு மாதம் பெரும்பாலும் பேடே அடைகாக்க, உருவில் அதனினும் சிறிய சேவல் வேட்டையாடி வந்து குரல் கொடுக்கும். பேடு எழுந்து பறந்து, அந்தரத்திலேயே இரையைக் கால்மாற்றி வாங்கிக்கொள்ளும். வெண்பஞ்சு போன்ற குஞ்சுகளுக்கு மாமிசத்தை நார் நாராகக் கிழித்து, தலை சாய்த்து, அலகின் நுனியால் ஊட்டுகின்ற சிரத்தையையும், உச்சிவெயிலில் சிறகை விரித்து நிழல் தரும் வாத்ஸல்யத்தையும் என்னென்பது! ஆறு வாரத்தில் குஞ்சுகள் பறக்கும். பின்னும் சில வாரங்கள், பெற்றோர் வானில் நழுவவிடும் இரையைப் பாய்ந்து பற்றிப் பற்றியே வேட்டை பயிலும்.

இத்தகைய தாயே தன் முட்டைகளைத் தன் பாரத்தால் நொறுக்கிய ஒரு கொடிய காலமும் இருந்தது. வயலில் தெளித்த டி.டி.டி. மருந்து, பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதிலிருந்து பைரிக்கும் ஏறி, முட்டை ஓட்டை மெலியச் செய்துவிட்டது. அமெரிக்கா 1972-இல் அம்மருந்தைத் தடுத்து, வளர்ப்பிடங்களில் பொரித்த குஞ்சுகளையும் காட்டில் விட்ட பிறகு, 1999-இல்தான் அந்நாட்டின் அபாயப் பட்டியலிலிருந்து பைரி நீங்கிற்று.

நீலகிரியின் பாறைகளிலும் இலங்கைச் சிகிரியாவிலும் இதன் கருஞ்செம்மை இனம் இன்றும் குஞ்சு பொரிக்கிறது. தை, மாசி மாதங்களில் மலையேறும் அன்பர்களே, தலைக்குமேல் ஒரு பைரி ஓயாது கத்தி வட்டமிடுமாயின், முட்டைகள் குளிர்ந்துவிடும் முன்னே அவ்விடம் விட்டு அகன்றுவிடுங்கள்.