லோரி வந்தாச்சு, சாமான் மட்டும் மேலே ஏறவில்லை

பக்கவாதம் கண்ட அம்மாவை நாளை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். தலைப்பக்கம் உயர்த்தவும் தாழ்த்தவும் வசதியுள்ள மின்கட்டில் ஒன்றுக்குப் பிள்ளைகள் பணம் போட்டு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். வீடு நான்காவது மாடி, மின்தூக்கி கிடையாது. மதியம் கைப்பேசி அடிக்கிறது: "அக்கா, லோரி கீழே நிக்குது. இறங்கி வந்து கையெழுத்துப் போடுங்க."

இறங்கிப் போனால் கட்டில் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது. வந்தவர்கள் இரண்டே பேர். மாடிக்குத் தூக்க வேண்டுமானால் தனிக் காசு, இல்லையென்றால் திருப்பிக் கொண்டு போகிறோம் என்கிறார்கள். கடைக்குப் போன் போட்டால், "ரசீதைப் படித்தீர்களா?" என்ற கேள்விதான் பதிலாக வருகிறது.

கட்டிலுக்குப் பதிலாகத் துணி துவைக்கும் இயந்திரம், பெரிய ஐஸ் பெட்டி, நடைப்பயிற்சி இயந்திரம், வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்பவர்கள் வாங்கும் பெரிய கிரைண்டர் என்று எதை வைத்துக்கொண்டாலும் கதை இதேதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்தத் தகராறு அதிகம் கேட்கும்.

சிக்கலின் வேர் 'டெலிவரி' என்ற அந்த ஒரே சொல்லில் இருக்கிறது. வாங்குகிறவர் அதை வீட்டுக்குள், வைக்க வேண்டிய இடத்தில் கொண்டு வந்து வைப்பது என்று எடுத்துக்கொள்கிறார். விற்பவரின் ரசீதில் அது கட்டடத்தின் கீழ்த்தளம் வரை என்று இருக்கலாம், வாசற்படி வரை என்று இருக்கலாம். பொருத்திக் கொடுப்பது அதில் சேராது. பழைய இயந்திரத்தை எடுத்துப் போவது வேறு கணக்கு. 'இலவச டெலிவரி' என்று கொட்டை எழுத்தில் போட்ட கடை, 'மின்தூக்கி இல்லாத கட்டடத்துக்கு மாடி ஒன்றுக்கு இவ்வளவு' என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இணையத்தில் வாங்கினால் அந்தப் பொடி எழுத்தையும் நாமே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தூக்க வருபவர்கள் மீது எரிந்து விழுவதில் பயனில்லை. அவர்களில் பலர் கடையின் ஊழியர்கள் அல்லர். கடை குத்தகைக்கு எடுத்த லோரிக்காரரின் ஆட்கள். ஒரு நாளில் பல வீடுகளை முடித்தால்தான் அவர்களுக்குக் கூலி கட்டுப்படியாகும். முன்பக்கம் கதவு வைத்த துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று 60, 70 கிலோ இருக்கும். சுழலும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் கட்டை வைத்திருப்பதால்தான் அத்தனை கனம். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் வழிகாட்டி, ஓர் ஆண் உடலோடு ஒட்டி இடுப்பளவில் தூக்குவதற்கே 25 கிலோவைத்தான் அளவாகச் சொல்கிறது. அந்த இயந்திரத்தை இருவர் சேர்ந்து, திரும்பித் திரும்பிப் போகும் குறுகிய படியில் நான்கு மாடி ஏற்றினால் முதுகு என்ன ஆகும்? அவர்கள் கூலி கேட்பது நியாயம்தான். அதைப் பணம் வாங்கும்போதே சொல்லாமல் மறைத்த கடையிடம்தான் நியாயம் இல்லை.

ஐந்து மாடி மலிவுவிலை அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கியே கிடையாது. மின்தூக்கி உள்ள உயரமான மக்கள் வீடமைப்புத் திட்ட வீடுகளிலோ, லோரி வரும் நாளில் அது வேலை செய்ய வேண்டும். கார்கள் இரண்டு வரிசையாக நின்றால் லோரி நுழைவாயிலிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தள்ளுவண்டியில் கொண்டு வருவதற்கும் ஒரு முணுமுணுப்பு கேட்க வேண்டும்.

தோட்டத்தில் உள்ளவர்களின் பாடு வேறு மாதிரி. ஒரே தோட்டத்துப் பெயரில் பல லயங்கள் இருக்கும், முகவரி மட்டும் தோட்ட ஆபீசுக்கு உரியது. கைப்பேசி வரைபடம் லோரியை எங்கோ ஒரு பின்வாசலுக்குக் கூட்டிப் போகும். முன்வாசலுக்கு வந்தாலும் ஜாகா பேரைக் கேட்பார், நிர்வாகத்திடம் சொல்லி வைத்தீர்களா என்பார். மழை பெய்துவிட்டால் செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் சாலையில் பாரமான லோரியை இறக்க ஓட்டுநருக்கு மனம் வராது. கடைசியில் 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். நாள் முழுக்க வேலைக்குப் போகாமல் காத்திருந்தவருக்கு ஒரு நாள் கூலியும் போச்சு, சாமானும் வரவில்லை. தோட்டத்து வீட்டுக்கு ஆர்டர் செய்பவர்கள் டிவிஷன் பெயர், லயத்தின் எண், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ எது அடையாளம் என்பதை ஆர்டரிலேயே எழுதி, சரியான வாசலின் இருப்பிடத்தை வாட்சாப்பில் ஓட்டுநருக்கு அனுப்பிவிடுவது நல்லது. ஜாகாவிடம் முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும்.

அளவெடுப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சாமான் நிற்கப்போகும் இடத்தை அளந்தால் போதாது. வாசல் கதவு, கம்பிக் கதவு, படிக்கட்டுத் திருப்பம், மின்தூக்கியின் வாய் என வழியில் உள்ள எல்லாவற்றையும் அளக்க வேண்டும். இரண்டு கதவு ஐஸ் பெட்டி, சமையலறை வாசலில் இரண்டு அங்குலக் குறைவால் நின்றுபோவது உண்டு. மருத்துவக் கட்டில் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட அகலம், இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். முழுசாக வந்தால் மலிவுவிலை வீட்டின் அறைக்கதவுக்குள் நுழைவது கஷ்டம். பிரித்துப் பூட்டக்கூடிய வகைதானா, வருபவர்களே பூட்டிக் கொடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பல வீடுகளில் நோயாளியின் கட்டில் கூடத்திலேயே நின்றுபோவதற்கு அந்தக் கதவும் ஒரு காரணம்.

சாமான் உள்ளே வந்த பிறகும் அவசரம் கூடாது. முன்கதவு இயந்திரத்தின் பின்புறம் பயணத்துக்காக முடுக்கிய போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டால் இயந்திரம் வீடே அதிரக் குதிக்கும், சேதமும் ஆகும். கழற்றியவற்றைத் தூக்கி எறியாதீர்கள், வீடு மாறும்போது தேவைப்படும். படுக்க வைத்துக் கொண்டு வந்த ஐஸ் பெட்டியை நிமிர்த்திச் சில மணி நேரம் விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். படுத்திருக்கும்போது கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது இறங்க நேரம் வேண்டும்.

கையெழுத்துதான் மிகப் பெரிய வம்பு. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை நீட்டி, "சீக்கிரம், அடுத்த வீடு இருக்கு" என்பார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்க நேரம் தராவிட்டால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பெலும் டிபெரிக்சா' (இன்னும் பரிசோதிக்கவில்லை) என்று மலாயில் எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் அதையும் படம் எடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுப்பது இன்னும் உத்தமம். கீறலோ உடைசலோ தெரிந்தால் அன்றே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை, வாட்சாப் செய்திக்கு உண்டு.

கடை கையை விரித்தால் சட்டம் கைகொடுக்கும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சேவையைத் தகுந்த கவனத்தோடு செய்ய வேண்டும். நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும். இந்த உரிமைகளை ரசீதில் ஒரு வரி அச்சடித்து ரத்து செய்துவிட முடியாது. 'லோரிக்காரன் உடைத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று கடை சொன்னால், பணம் வாங்கியது யார் என்று திருப்பிக் கேளுங்கள். ஆனால் கீழ்த்தளம் வரைதான் டெலிவரி என்று வாங்கும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தால், மாடிக்கு ஏற்றவில்லை என்ற புகார் அவ்வளவு எளிதில் நிற்காது. அதனால்தான் எந்த மாடி, மின்தூக்கி உண்டா, மொத்தம் எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேச்சில் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டு போகலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. மலாயில் தட்டுத் தடுமாறிப் பேசினாலும், ரசீதும் படமும் வாட்சாப் செய்தியும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் கடை அதற்குக் கட்டுப்படாவிட்டால் அது குற்றம்.

மன்றம் காசை வாங்கித் தரலாம். நாளை வீடு திரும்பும் அம்மாவுக்கு இன்றிரவு கட்டில் போட்டுத் தராது. ஆகவே நோயாளிக்காக வாங்குபவர்கள் வீட்டுக்கு அனுப்பும் தேதியை மருத்துவமனையில் கேட்டு, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கட்டில் வந்து சேரும்படி ஏற்பாடு செய்யட்டும். அண்டை வீட்டுப் பையன்கள் நால்வரிடமும் அதே நாளைச் சொல்லி வைக்கட்டும்.