இரவைக் கடப்பது எப்படி?

வீடியோ விளையாட்டு என்றவுடன், விரல்களின் வேகமே அதற்கு வேண்டிய திறமை என்று பலர் எண்ணுகின்றனர். வேகத்தைக் காட்டிலும் முன்யோசனைக்கு மதிப்பளிக்கும் விளையாட்டு ஒன்றைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் 'டிராகன்ஸ் டாக்மா'. ஜப்பானில் ஒசாகா நகரிலுள்ள காப்காம் நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. ஹிடெயாகி இட்சுனோ என்பவர் இதன் இயக்குநர்.

கதை முற்றிலும் கற்பனை. கிரான்சிஸ் என்னும் நாட்டில் ஒரு மீனவச் சிற்றூர். சிறகுடைய பெருநாகம் ஒன்று அவ்வூரைத் தாக்கி, அங்குள்ள ஒருவருடைய இதயத்தைப் பறித்துச் செல்கிறது. இதயம் இழந்தும் உயிர் தரித்திருக்கும் அம்மனிதர் நாகத்தைத் தேடிப் புறப்படுகிறார். அந்த வேடத்தை ஏற்பவர் நாமே. துணைவர் மூவர் வரை நம்மோடு வருவர்.

பல விளையாட்டுக்களில் இரவு என்பது வானத்துக்குப் பூசிய நீலச் சாயந்தான். இங்கோ மெய்யான இருள் சூழ்ந்துவிடுகிறது. பகலில் நடந்த பாதையே அடையாளம் தெரியாமற் போகிறது. பிணங்கள் மண்ணைப் பிளந்துகொண்டு எழுகின்றன. இடுப்பில் தொங்கும் விளக்கு சிறு வட்டத்துக்கு மட்டுமே ஒளி தரும். அதற்கு அப்பால் உறுமுவது ஓநாயா, அதனினும் கொடியதா என்பது தெரியாது. இறந்தால், கடைசியாகப் பதிவு செய்த இடத்துக்கே பெரும்பாலும் திரும்ப வேண்டும். அதன் பின்னர்ப் பட்ட பாடெல்லாம் வீண். ஆகவேதான் அந்த அச்சம் வெறும் பாவனையாக இருப்பதில்லை.

இந்த இரவைக் கடக்கும் வழி யாது? நான் விளையாடி அறிந்தவரையில், அது பகலிலேயே தொடங்குகிறது. விளக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டே எரியும். குப்பிகள் தீர்ந்தால் ஒளியும் தீர்ந்தது. ஆழமான நீரில் இறங்கி நனைந்தால் அணைந்துவிடும். ஆதலால் எண்ணெயை எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆற்றைக் கடப்பதானால் வெளிச்சம் உள்ளபோதே கடந்துவிட வேண்டும்.

எண்ணெயையும் மருந்தையும் அளவின்றிச் சுமந்து செல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு தடை உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் எடை குறிக்கப்பட்டிருக்கிறது. சுமை ஏற ஏற நடை தளரும். ஓடித் தப்புவது அரிதாகும். போதிய அளவு எது என்பதை நாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது திரும்பும் முடிவு. கதிரவன் சாயும்போது இன்னும் ஒரு குன்று, இன்னும் ஒரு குகை என்று ஆசை இழுக்கும். அவ்வேளையில் விடுதி எவ்வளவு தூரம், எண்ணெய் எவ்வளவு மீதி என்ற இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்ப்பவரே பெரும்பாலும் பிழைக்கிறார். விடுதியை அடைந்து உறங்கினால் பொழுது விடிந்துவிடும்.

2024-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பாகம் இக்கணக்கை மேலும் கடுமையாக்கியது. அதில் அடிபடும்போதெல்லாம் உடல்நலத்தின் உச்ச வரம்பே சிறிது சிறிதாகக் குறைந்து வரும். சாதாரண மருந்து அதனை மீட்காது. ஓய்வே அதற்கு முதன்மையான பரிகாரம். காட்டில் கூடாரம் அமைத்துத் தங்கலாம். ஆயினும் கூடாரத்துக்கும் எடை உண்டு; உறங்கும்போது பகைவர் பாய்வதும் உண்டு.

நண்பர்களே, இவ்விளையாட்டில் வாளும் மந்திரமும் நிறைய இருக்கின்றன. எனினும் தீர்ந்துபோகும் பொருளை அளந்து செலவிடுவதும், இயலும் காலத்திலேயே திரும்புவதுமே இரவில் உயிரைக் காக்கின்றன. இதனை விளையாட நேர்ந்தால், நண்பகலிலேயே ஒருமுறை எண்ணெய்க் குப்பிகளை எண்ணிப் பாருங்கள்.