ஒளி பட்டால் பிடிவிடும் கூண்டு

ஒரு மூலக்கூறுக்குள் இன்னொன்றைப் பிடித்து வைப்பது வேதியியலில் இன்று புதுமை அல்ல. குறிப்பிட்ட அயனிகளையும் மூலக்கூறுகளையும் மட்டும் தேர்ந்து பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகளைச் செய்து காட்டியதற்காகப் பெடர்சன், கிராம், லென் மூவரும் 1987இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிடித்ததை நாம் நினைக்கிற நேரத்தில் விடச் செய்வதுதான் கடினம். அமிலமோ உப்போ சேர்த்து விடவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் கரைசலில் கழிவு சேர்ந்துகொண்டே போகும். ஒளியில் அந்தத் தொல்லை இல்லை.

ஜெர்மனியில் கைடோ கிளெவர் குழுவினர் 2013இல் வெளியிட்ட கூண்டு இதற்கு அருமையான உதாரணம். மேலே ஒரு பல்லேடியம் அயனி, கீழே ஒன்று. நடுவில் தூண்களாக, வில்போல் வளைந்த நான்கு கரிம மூலக்கூறுகள். சரியான விகிதத்தில் கலந்தால் கூண்டு தானாகவே கூடிக்கொள்ளும். உள்ளே வரும் விருந்தாளி, பன்னிரண்டு போரான் அணுக்கள் பந்தாகத் திரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ஃபுளோரின் ஒட்டியிருக்கும் எதிர்மின் அயனி. கூண்டு நேர்மின்சுமை கொண்டது என்பதால் அது எளிதில் உள்ளே புகும்.

சூட்சுமம் தூண்களில் இருக்கிறது. ஒவ்வொரு தூணின் நடுவிலும் கந்தகம் கொண்ட இரண்டு வளையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. புறஊதா ஒளி பட்டதும் அவற்றுக்கிடையே புதிதாக ஒரு கார்பன் பிணைப்பு விழுகிறது. தூண் விறைத்து, நிறமும் ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டினால் பிணைப்பு அறுந்து தூண் மறுபடி தளர்கிறது.

விறைத்த கூண்டுதான் இறுகப் பிடிக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. தளர்ந்த விரல்கள் பந்தின் உருண்டைக்கு ஏற்ப வளைந்து பற்றும், விறைத்த விரல்களால் அது முடியாது, அதுபோலத்தான் இதுவும். தூண்கள் விறைத்ததும் பிடி நலிந்து, விருந்தாளிகள் வெளியேறத் தொடங்குகின்றன. எல்லாமே ஒன்றுவிடாமல் வெளியே வந்துவிடாது. உள்ளே இருப்பதும் வெளியே போவதுமான சமநிலைதான் நகர்கிறது.

மருந்தை அடைத்து உடலுக்குள் அனுப்பி, வேண்டிய இடத்தில் ஒளி பாய்ச்சி விடுவிக்கலாம் என்று ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் புறஊதா ஒளி தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது, செல்களுக்கும் கெடுதல். அதனால்தான் ஃபுளோரின் சேர்த்த அசோபென்சீன் என்னும் மூலக்கூறைத் தூணாக வைத்துக் கூண்டு கட்டிப் பார்க்கிறார்கள். அது பச்சை ஒளியில் மடங்கும், நீல ஒளியில் நிமிரும்.