படத்தின் அழகா, ஆட்டத்தின் ஆழமா?

கணினி விளையாட்டொன்றின் இரண்டாம் பாகம் வெளிவந்துவிட்டால், பிள்ளைகளுள்ள வீடுகளில் ஓர் உரையாடல் தவறாது நிகழும். "அப்பா, படம் எவ்வளவு தெளிவாயிருக்கிறது பாருங்கள்! ஆனால் எங்கள் கணினியில் இது ஓடாதாம்" என்பான் மகன். புதுக் கணினியின் விலையைக் கேட்ட தந்தையார் மௌனமாவார். இருவருள் எவர் பக்கம் நியாயம்? குடும்பத்தின் பணமும் பிள்ளையின் பொழுதும் இதிற் செலவாவதால், இதனை அற்ப விஷயமென்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை.

இங்கு நாம் ஆராய எடுத்துக்கொள்வது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகையை. ஆடுபவர் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, ஊரூராய்ச் சென்று, எதிர்ப்படுவோருடன் உரையாடி, தாமே முடிவு செய்து, அம்முடிவின் விளைவையும் தாமே ஏற்பது இதன் இலக்கணம். ஆட ஆடப் பாத்திரத்தின் ஆற்றலும் வளரும்.

கனடா நாட்டின் பயோவேர் நிறுவனம் 'போல்டர்ஸ் கேட்' என்னும் விளையாட்டின் முதற் பாகத்தை 1998இலும் இரண்டாம் பாகத்தை 2000இலும் உருவாக்கியது. இரண்டுக்கும் அடிப்படையான மென்பொருள் ஒன்றே. படத்திற் பெரிய புதுமை எதுவுமில்லை. முதற் பாகத்தில் வழித்துணையாய் வரக்கூடியோர் 25 பேர். இரண்டாம் பாகத்தில் 16 பேரே. எனினும் அப்பதினாறு பேரும் தம்முட் பேசினர், பூசலிட்டனர், தம் துயரங்களை நம்மிடம் கூறினர். கெல்டோர்ன் என்னும் முதிய வீரர், கடமையே பெரிதென்று நெடுங்காலம் இல்லத்தை மறந்திருந்தவர். மனைவியின் உள்ளம் வேறொருவர்பாற் சென்றதை அறிந்து கலங்கும் அவருக்கு, மன்னிக்கும்படி கூறுவதா, சட்டத்திடம் ஒப்படைக்கும்படி கூறுவதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். இன்றும் பலர் இரண்டாம் பாகத்தை முதற் பாகத்திலும் மேலாகப் போற்றுவதற்கு இத்தகைய இடங்களே காரணம்.

இதற்கு மாறான ஓர் உதாரணத்தை அமெரிக்காவிற் காண்கிறோம். பெதஸ்தா நிறுவனத்தின் 'மொரோவிண்ட்' 2002இல் வந்தது. அதில் ஓரிடத்துக்குச் செல்ல வேண்டுமாயின், பாலத்தைக் கடந்து எத்திசையிற் திரும்புவதென்று ஊரார் கூறும் சொற்களை நினைவிற் கொண்டே வழிதேட வேண்டும். 2006இல் வந்த 'ஒப்ளிவியன்' கானகங்களையும் ஒளியையும் கண்டோர் வியக்கும்படி தீட்டிக் காட்டியது. பாத்திரங்களின் பேச்செல்லாம் குரலாகவே ஒலித்தது. ஆனால், கற்கத்தக்க திறமைகள் 27இலிருந்து 21 ஆயின. வழியைத் திசைகாட்டியில் ஒரு குறியே காட்டிவிட்டது. நாம் வலிமை பெறப் பெற எதிரிகளும் உடன் வலிமை பெற்றமையால், வளர்ந்தும் வளராதவர்போல் ஆனோம். கண் நிறைந்தது, கருத்துக்கு வேலை குறைந்தது.

அப்படியாயின் அழகிய படம் வீண் என்று கூறிவிடலாமா? கூடாது. யப்பானின் ஸ்குவெயர் நிறுவனம் 1994இல் வெளியிட்ட 'பைனல் பாண்டசி' ஆறாம் பாகத்தில் உருவங்கள் தட்டையானவை. 1997இல் வந்த ஏழாம் பாகமோ மூன்று தட்டுகளில் முப்பரிமாணக் காட்சிகளோடு வந்து, யப்பானுக்கு வெளியே அளவிறந்தோரை இவ்வகை விளையாட்டுக்கு அழைத்தது. அதில் ஏரித் என்னும் பெண் கொலையுண்ணும் காட்சி பலரைக் கண்கலங்கச் செய்தது. அன்று வியப்பளித்த அவ்வுருவங்கள் இன்று மரப்பொம்மைகள்போல் தோன்றுகின்றன. ஆயினும் அத்துயரம் மறக்கப்படவில்லை. அங்கே படம் கதைக்குத் துணைநின்றது.

இரண்டும் ஒருங்கே அமைவதும் உண்டு. பெல்ஜியம் நாட்டின் லாரியன் நிறுவனம் 2023இல் முழுமையாக வெளியிட்ட 'போல்டர்ஸ் கேட்' மூன்றாம் பாகத்தில் முகபாவமும் குரலும் சிறந்தன. முடிவெடுக்கும் வழிகளும் பெருகின. ஆனால் அது ஓராண்டில் விளைந்த பயிரன்று. முற்றுப்பெறாத நிலையிலேயே 2020இல் ஆடுவோரிடம் கொடுத்து, ஏறக்குறைய மூன்றாண்டுகள் அவர்தம் கருத்தைக் கேட்டுத் திருத்திய உழைப்பு அதன் பின்னே நின்றது. ஆகவே நாம் கேட்கவேண்டியது, படம் அழகியதா என்பதன்று. அவ்வழகுக்காக ஆட்டத்தில் எது பறிபோயிற்று என்பதே.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. புதிய பாகத்தைக் கேட்கும் மகனிடமோ மகளிடமோ, "முன்னைய பாகத்திற் செய்யமுடியாத எதனை இதிற் செய்யலாம்?" என்று வினவுங்கள். தக்க விடை வருமாயின், பணம் செலவிடுவதைப்பற்றி யோசிக்கலாம். வாங்கிய பின்னரும், இராச்சாப்பாட்டு வேளையில், "இன்று என்ன முடிவு செய்தாய்? ஏன் அப்படிச் செய்தாய்?" என்று கேளுங்கள்.

விளையாட்டு ஆக்க விரும்பும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். இவ்வகைக்கு முன்னோடியான 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது அதற்குக் கணினியே வேண்டியிருக்கவில்லை. தாளும் பென்சிலும் சில தாயக்கட்டைகளும், மேசையைச் சுற்றி அமர்ந்த நண்பருமே போதியனவாயிருந்தன. விலையுயர்ந்த கணினி கிட்டும்வரை காத்திராது, இவ்விடுமுறையிலேயே ஒரு தாளை எடுத்துத் தொடங்குங்கள்.