தரையோடு வெட்டும் கைக்கருவி வாங்குமுன்

காணியை விட்டு வந்து மேசன் வேலைக்குப் போகும் நம்மவர் பலர், தரையோடு பதிக்கப் பழகியதும் சொந்தமாக ஒரு வெட்டுக்கருவி வாங்க விரும்புகிறார்கள். மின்சாரம் வேண்டாத கைக்கருவியே முதலில் போதும் என்பது எமது எண்ணம். மின்கருவியால் உலர்வாக வெட்டும்போது பறக்கும் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும். இதில் அது மிகக் குறைவு.

இக்கருவி வாள்போல அறுப்பதில்லை. சில்லு மேற்பரப்பில் கீறல் போட, அக்கீறல் வழியே ஓடு முறிகிறது. ஆகவே காசு கொடுக்குமுன் சில்லு பூட்டிய பிடியை இருபக்கமும் அசைத்துப் பாருங்கள். ஆடினால் கீறல் நேராக விழாது, மலிவென்றாலும் வேண்டாம். நீளமும் முக்கியம். 60 சென்ரிமீற்றர் சதுர ஓடொன்றை மூலைக்கு மூலை வெட்ட ஏறக்குறைய 85 சென்ரிமீற்றர் வேண்டும்.

சில்லு தங்குதன் காபைட்டினால் ஆனது. வழவழப்பான ஓட்டுக்குச் சிறிய சில்லும், சொரசொரப்பானதற்குப் பெரியதும் பொருந்தும். துவாரம் அச்சுக்குச் சரிவர வேண்டும். பழைய சில்லைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்குங்கள்.

ஒரே அழுத்தத்தில் ஒரே தடவை கீறுங்கள். முன்னும் பின்னும் உரஞ்சினால் சில்லு மழுங்கும், ஓடும் கோணலாய் முறியும். (கீறும் சத்தம் இடையில் நின்றால் அவ்விடத்தில் கீறல் விழவில்லை.) வேலை முடிந்ததும் தூசி தட்டி, அச்சுக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். கருங்கல் பலகையை மட்டும் இதில் வைக்கவே வேண்டாம்.