சுத்த நீரும் மீன் வாழும் நீரும்



சுங்கை சோவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வளர்ந்தவர்களுக்கு மீன் வளர்ப்பு புதிதன்று. லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் கப்பி மீனைத் துணியால் அள்ளிப் பழைய போத்தலில் விட்டு மகிழ்ந்த பருவம் நம்மில் பலருக்கு உண்டு. அன்று நீரைப் பற்றி நாம் எண்ணியதே இல்லை. மீன்களும் குட்டி ஈன்று பெருகின. இன்றோ கண்ணாடித் தொட்டியும் விளக்கும் காற்றுக் குழாயும் வைத்தும் மீன்கள் மடிகின்றன. காரணம் பல நேரங்களில் நாம் ஊற்றும் நீரே.

2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை கோங் மாசுபட்டு, சிலாங்கூர் ஆற்றுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் மூடப்பட்டன. குழாயில் நீரின்றி நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. இப்படிப்பட்ட அனுபவங்களால் வீட்டில் சுத்திகரிப்புக் கருவி பொருத்தியோர் பலர். நாமும் பொருத்தினோம். நமக்கு நல்ல நீர் மீனுக்கும் நல்லதுதானே என்று அதையே கப்பித் தொட்டியில் நிரப்பினோம். முதல் சில வாரங்கள் குறையில்லை. பின்னர் மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு ஓரிடத்திலேயே நின்று நடுங்கின. நீரோ பளிங்குபோல் தெளிவாக இருந்தது!

இங்கு நடந்தது என்ன? கருவிகள் எல்லாம் ஒருவகையல்ல. கரி வடிகட்டி குளோரினையும் வாடையையும் நீக்கும். கரைந்துள்ள கனிமங்களை விட்டுவிடும். ஆர்.ஓ. எனப்படும் சவ்வு வடிகட்டியோ கனிமங்களில் 100க்கு 90 பங்குக்கு மேல் நீக்கிவிடும். அந்த நீர் சுத்தமானது, ஆனால் வெறுமையானது.

மீனின் உடல் திரவத்தில் நன்னீரில் உள்ளதைவிட உப்பு மிகுதி. ஆகவே வெளிநீர் செவுள் வழியாக ஓயாது உள்ளே ஊறுகிறது. மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உடலின் உப்பும் சிறிது சிறிதாகக் கசிகிறது. நீரில் உள்ள கால்சியம் இந்தக் கசிவைக் குறைக்கிறது. வெற்று நீரில் கப்பி போன்ற மீன்களுக்கு இந்த உழைப்பு கூடுகிறது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கிறது. நல்ல நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. நீரில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. இதைக் கார்பனேட் கடினத்தன்மை என்பர். இது குடும்பத்தின் சேமிப்புப் பணம் போன்றது, நாள்தோறும் கரையும். ஆர்.ஓ. நீரில் இந்தச் சேமிப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆகவே ஒரு கட்டத்தில் நீரின் பி.எச். அளவு சடுதியில் சரிகிறது. 6க்குக் கீழே போனால் நுண்ணுயிரிகளின் வேலையும் தளர்ந்து, கழிவு தேங்குகிறது.

நமது தொட்டியை அளந்தபோது பி.எச். 5.5க்கும் கீழே இருந்தது. பதறிப்போய் ஆப்பச் சோடாவை ஒரு கரண்டி போட்டோம். மறுநாள் எஞ்சிய மீன்களும் மிதந்தன. அமில நீரில் அமோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த அமோனியம் என்னும் வடிவில் இருக்கும். பி.எச். ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். அதாவது நோயைவிட நமது அவசர வைத்தியமே கொடியதாயிற்று.

சரியான முறை இதுதான். கனிமத்தைத் தொட்டியில் கொட்டாமல், புது நீரைத் தனி வாளியில் கலந்து அளந்து பார்க்க வேண்டும். 100 லிட்டர் ஆர்.ஓ. நீரில் 3 கிராம் ஆப்பச் சோடா கார்பனேட் கடினத்தன்மையை 1 பாகை உயர்த்தும். கப்பிக்கு 4 பாகை வேண்டுமானால் 12 கிராம் தேவை. கால்சியமும் மக்னீசியமும் கலந்த தொட்டி உப்பு மீன் கடைகளில் கிடைக்கிறது. சாதாரணக் கறியுப்பு கடினத்தன்மையைத் தராது. குழாய் நீரைக் குளோரின் நீக்கிப் பாதிக்குப் பாதி கலப்பதும் எளிய வழியே. குழாய் நீர் 4 பாகையானால் கலவை 2 பாகையாகும். கோலசிலாங்கூர்ப் பக்கம் கிடைக்கும் கெராங் சிப்பி ஓட்டைக் கழுவி, வேகவைத்து, நொறுக்கி வடிகட்டியில் வைக்கலாம். நீர் புளிக்கப் புளிக்க அது கரைந்து கொடுக்கும். ஒருமுறைக்குக் கால் பங்கு நீருக்கு மேல் மாற்றலாகாது.

எல்லா மீனுக்கும் இதே நீர் ஆகுமா? ஆகாது. வட சிலாங்கூரின் கரிச்சதுப்புக் காட்டில் தேயிலைச் சாயம்போல் கறுத்த நீர் ஓடுகிறது. அதன் பி.எச். பெரும்பாலும் 5க்குக் கீழே. கனிமம் மிகச் சொற்பம். அங்கேதான் 1992இல் அறிவியல் பெயர் பெற்ற பெட்டா லிவிடா என்னும் சண்டை மீன் வாழ்கிறது. இன்று அது அழியும் அபாயத்தில் உள்ள இனம். இத்தகைய கருநீர் மீனுக்குச் சோடாவும் சிப்பியும் தீங்கு. காய்ந்த கெத்தாப்பாங் இலை ஊறிய ஆர்.ஓ. நீரே ஏற்றது. ஆனால் அங்கே அமிலத்தைத் தணிக்க எதுவுமில்லை. ஆகவே மீன் குறைவாகவும், தீனி அளவாகவும், நீர் மாற்றுவது அடிக்கடியும் இருக்க வேண்டும். காட்டில் பிடித்த மீனை நாடாமல், தொட்டியில் பிறந்ததையே வாங்குவது முறை.

நேயர்களே, மீன் எந்த நீரில் பிறந்த இனம் என்று முதலில் கேட்டறிவோம்; பிறகு நீரை அளப்போம்; அதன் பிறகே மருந்தைத் தொடுவோம். நமது தொட்டியில் இப்போது மீண்டும் கப்பிக் குஞ்சுகள் நீந்துகின்றன. வாளிக்கு அருகில் ஒரு சிறு தராசும் இருக்கிறது.